பாலத்துக்கு அடங்காத பாய்மரம்

சேசு மரி சூசை

சாந்தோம், மயிலாப்பூர்
20 பிப்ரவரி 1947

மரியாதைக்குரிய மச்சான் பிலிப் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் அகஸ்டின் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதினால் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொல்ல வேண்டிவரும் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். அங்கே நீங்களும் அக்காவும், கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்து உங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவி லூயிசாவும் நலமாக இருக்க மாதா துணை. இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அவளாக எடுத்துப் படித்தால் தடுக்கவும் வேண்டாம்.

நான் படகு வாங்கியதற்காக அவள் கோபித்துக்கொண்டு வந்துவிட்டதாகத் தூத்துக்குடியில் பேச்சு என்று கேள்விப்பட்டேன். அது தவறு. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை, அடையாற்றில் விட்டு விளையாடிய சின்னப் பாய்மரப் படகை, மரம் முறிந்த நிலையில் என் தலையில் கட்டிவிட்டுப் போன அன்று லூயிசா கரையில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் வாழ்நாள் முழுக்கப் பருவக்காற்றுப் பாடம் நடத்தியவன் நான். கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அவளோ கல்யாணமான கையோடு உங்கள் அப்பாவின் தோணியில் மதராசுக்கு வந்தவள். "கடல்லேர்ந்து பாத்தாதாங்க சாந்தோம் கோவில் கோபுரம் அழகு. தண்ணிக்குள்ளேர்ந்து வெள்ளையா எந்திரிச்சு வரும்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இதைத் தவிர அந்தப் படகில் எனக்கு வேறு ஆசை இல்லை மச்சான்.

முறிந்த மரத்துக்குப் பதில் மரம் வேண்டுமே. எங்கள் தெருக்கோடி மாதா கோவிலில் புதுக் கொடிமரம் நட்டபோது பழையது பின்பக்கம் சும்மா கிடந்தது, சுவாமியாரைக் கேட்டேன், எடுத்துக்கொள் என்றார், தச்சர் அப்துல் கய்யூம் அதைப் படகில் நிறுத்தி, ஆடக்கூடாது என்று அடியில் இரும்புப் பட்டை போட்டு, கழற்றினால் படகே கழன்று வரும்படி இறுக்கிவிட்டு, எட்ட நின்று பார்த்தார். "வாத்தியாரே, இந்தப் படகுக்கு இம்மா ஒசரம் ஆவாது. ரெண்டு முழம் அறுத்துடலாம்" என்றார். அவர் ரம்பத்தை எடுப்பதற்குள் கோவில் உபதேசியார் துரைராஜ் பாதித் தெருவோடு வந்துவிட்டார். "மந்திரிச்ச மரம் சார். வருஷா வருஷம் மாதா கொடி ஏறின மரம். அதுல ரம்பம் வைப்பீங்களா?" என்றார். வைக்கவில்லை. உயர்ந்த மரத்துக்கு உயர்ந்த பாய் வேண்டும், துணியோ ரேஷனில், ஜன்னல் திரை, மெத்தை உறை எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தும் உச்சியில் ஒரு முக்கோணம் குறைந்தது, அந்த நேரம் பார்த்துப் பீரோவில் ஒரு வெள்ளைப் புடவை கண்ணில் பட்டது. அது லூயிசா திருநாளுக்கு மட்டும் கட்டுகிற புடவை என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு அக்காவின் புடவைகள் தெரியுமா, சொல்லுங்கள்.

மறுநாள் நல்ல காற்று. அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் முகத்துவாரம், அப்புறம் கடல். ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்ததை நான் கவனிக்கவில்லை, மரத்தின் தலை பாலத்தில் இடித்துப் படகு நின்றது, மேலே பஸ் நின்றது, மாட்டுவண்டி நின்றது, "இன்னா நைனா, பாலத்தத் தூக்கினு போவப் போறியா?" என்று ஒருவன் கேட்டான், எங்கள் கோவில் பெண்கள் இரண்டு பேர் கொடிமரத்தை அடையாளம் கண்டு பக்தியாகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு நடுவே மார்க்கெட் பையோடு எட்டிப் பார்த்தவள் லூயிசா. அவள் முகத்துக்கு நேர் கீழே அவள் புடவை படபடத்துக்கொண்டிருந்தது. அன்று சாயங்கால ரயிலிலேயே கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஒரு பெண் பிள்ளைவரம் கேட்டு மரத்தில் தொட்டில் கட்டிவிட்டுப் போனாள்; அவிழ்க்க எனக்குத் தைரியம் இல்லை. புடவையைப் பிரித்து, துவைத்து, இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். சேற்று வாசனை மட்டும் போகவில்லை. லூயிசாவின் ரேஷன் கார்டுக்கு வருகிற சர்க்கரையை நான் தொடுவதில்லை. டப்பா நிறைந்து எறும்பு குடிவந்துவிட்டது. சாயங்காலமானால் படகில் போய் உட்காருகிறேன். பாலத்தின் அடியில் கடல் கொஞ்சமாகத் தெரிகிறது. எதிர்ப் பலகை காலியாகக் கிடக்கிறது. வீட்டுக்குத் திரும்பவே மனசு வருவதில்லை மச்சான்.

நேற்று விபூதி புதன். நெற்றியில் சாம்பல் பூசும்போதே தீர்மானித்துவிட்டேன். தபசு காலத்துக்கு அவரவர் கறி மீனை விடுகிறார்கள்; நான் படகை விடுகிறேன். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் துரைராஜ் அதை மரத்தோடு எடுத்துப் போய்க் கோவில் வாசலில் நிறுத்தி, அதிலேயே கொடியேற்றப் போகிறாராம். இனிக் கடல் என்ற பேச்சை எடுக்கமாட்டேன் என்று லூயிசாவிடம் சொல்லுங்கள். வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை; ரசம் வைக்கப் பழகிவிட்டேன். சில நாள் அது ரசம் மாதிரியே இருக்கிறது.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நோய்நொடி அண்டாதிருக்க மாதாவை மன்றாடும்,
அகஸ்டின்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கய்யூம் வந்து, இன்று அமாவாசை, கடல் உள்வாங்கி ஆறு நன்றாக வடிந்திருக்கிறது என்று என்னைக் கையோடு இழுத்துப் போனார். நான் படகில் உட்கார, அவர் பாலத்திலிருந்து பார்த்தார். ஒரே ஒரு விரல்கடைதான் இடிக்கிறது. "இன்னொரு ஆளு குந்துனா படகு தாழும் வாத்தியாரே, சுளுவா பூந்துடும்" என்றார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். துரைராஜுக்குப் படகு கிடையாது. அடுத்த அமாவாசைக்குள் லூயிசாவை எப்படியாவது ரயிலேற்றிவிடுங்கள். எடை விஷயம் அவள் காதுக்குப் போக வேண்டாம். ஆள் கிடைக்காவிட்டால் இரண்டு மணல் மூட்டை போட்டாலும் போதும் என்று கய்யூம் போகும்போது சொன்னார். எனக்குக் காது கேட்காதது போல இருந்துவிட்டேன்.