பின்வரிசை காலி

இனிமேல் வீட்டில் தற்காப்பு ஆட்டம் கிடையாது என்று ட்ரெவர் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்க்கும்போது.

முப்பத்தோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் ஆடியதெல்லாம் தற்காப்புதான். லொரெயின் கேட்பாள். இவர் தடுப்பார். தொண்ணூறாவது நிமிடத்தில் எப்படியும் கோல் விழும். சொந்த வீடுதான்; ஆனாலும் அவருக்கு எல்லாமே வெளியூர் ஆட்டம்.

இங்கிலாந்து கால்பந்தின் பிரீமியர் லீகில் இப்போது யார் அப்படி ஆடுகிறார்கள்? முன்பெல்லாம் பின்வரிசைக்காரன் பந்தைக் கண்டால் கூரைக்கு மேலே உதைத்துவிட்டு மூச்சுவிடுவான். இப்போது அவனே ஓடிப்போய் எதிரணியின் கோல் வாசலில் நிற்கிறான். கோல்கீப்பரே தாக்குதலைத் தொடங்குகிறார். ட்ரெவர் தொடங்கக்கூடாதா?

சனிக்கிழமை அவர் ஊர் அணிக்குச் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். அதே சனிக்கிழமை மாமியார் வீட்டு வேலியைச் சரிசெய்ய வேண்டும் என்பது லொரெயினின் உத்தரவு.

தேநீரோடு போய் நின்றார்.

"லொரெயின், சனிக்கிழமை நான் மேட்ச்சுக்குப் போறேன்."

"சரி."

ட்ரெவர் தடுமாறினார். தடுக்க யாருமே வரவில்லை. இன்னும் முன்னே போனார்.

"வேலிய ஞாயித்துக்கிழமை போட்டுத் தர்றேன்."

"முழு நாளும் ஆகுமே?"

"ஆகட்டும். முழு நாளும் உங்கம்மாவுக்குத்தான்."

"வேகவச்ச முட்டைக்கோஸ்தான் குடுப்பாங்க."

"எனக்குப் பிடிக்குமே!"

"எப்பலேர்ந்து?"

"இந்த சீசன்லேர்ந்து."

"பின்னாடி பேச்சு மாற மாட்டியே, கண்ணு?"

"மாட்டேன்."

லொரெயின் அப்போதே போனை எடுத்தாள். "அம்மா, ஞாயித்துக்கிழமை ட்ரெவர் வர்றாராம். ஆமா, அவரே கேட்டாரு."

சனிக்கிழமை மதியம் கழுத்தில் அணித் துண்டோடு ட்ரெவர் மைதானத்துக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஒருவர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"மேட்ச் எங்கங்க?"

"நாளைக்கு. டிவிக்காரங்க தேதிய மாத்தி மூணு வாரம் ஆச்சு. நீங்க வெளியூரா?"

ஞாயிறு காலை அவர் சுத்தியலோடு கிளம்பியபோது, லொரெயின் அவருடைய துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தாள். கையில் அவருடைய சீசன் டிக்கெட்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கற அட்டவணையில சிவப்பு மையில திருத்தி வச்சதே நான்தான். அது மேல குப்பை வண்டி நோட்டீஸ ஒட்டினது நீ."

"திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாமே!"

"நீ பாட்டுக்கு ஏறி வந்துட்டே இருந்த. தடுக்க மனசு வரல."

சாயங்காலம் முட்டைக்கோஸ் ஏப்பத்தோடு ட்ரெவர் வீடு திரும்பினார். "என்னாச்சு?" என்றார், பயந்துகொண்டே.

"கோலே இல்லாத டிரா. கீழ்ப் பிரிவுக்குப் போகல," என்றாள் லொரெயின். "கடைசி வரைக்கும் நம்ம பசங்கள்ல ஒருத்தன்கூட முன்னாடி ஏறல, கண்ணு. அதான் தப்பிச்சாங்க."