காத்தோட்டமான ஹெட்ஃபோன்

எதையும் பாதி தெரிந்துகொண்டு முழுசாகத் தெரிந்த மாதிரி பேசுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. இன்று திண்டுக்கல்லில் யார் குறைந்த விலையில் ஸ்டுடியோ ஹெட்ஃபோன் வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள். (கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.) அந்த ஞானம் எனக்கு வந்த விதம்தான் கொஞ்சம் கேவலமானது.

வீட்டுப் பின்னறையை ரெக்கார்டிங் ரூமாக மாற்றிய புதிது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பி.எட். விண்ணப்பத்தை அவரே என் பெயரில் நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். "மொத வேலை தேறலைன்னா பேசாம காலேஜுக்குப் போயிரணும்" என்று ஒப்பந்தம். முதல் வேலை, செம்பட்டிப் பக்கம் ஒரு மாதா கோயிலுக்குத் திருவிழாப் பாட்டு. பாடுகிறவர் எங்கள் அல்போன்ஸ் மாமா. நன்றாக வந்தால் பாடகர் குழுவின் மற்ற பாட்டுகளும் எனக்கே என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார்.

ஹெட்ஃபோன் வாங்கப் போனேன். என் கையிருப்புக்கு இரண்டுதான் அகப்பட்டன. ஒன்று காதை மொத்தமாக மூடுகிற கனத்த சமாச்சாரம். இன்னொன்று, வெளிப்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. கடைக்கார பாய் மூடினதைத்தான் நீட்டினார். "பாட வைக்கிறதுக்குன்னா இதை எடும்மா. சத்தம் வெளிய வராது."

"ரெக்கார்டிங் அப்ப ஃபேனை நிறுத்தணும் பாய். நம்ம ஊர் வெயிலுக்கு இதை மாட்டினா காது வெந்துபோகும். காத்தோட்டமா இருக்கிறதே போதும்" என்றேன். ஜன்னல் வாங்கப் போனவள் மாதிரி பேசியிருக்கிறேன். அவர் பில் போட்டார்.

பாடுகிறவர் தாளம் பிசகாமல் இருக்க, ஹெட்ஃபோனில் 'டக் டக்' என்று ஒரு சத்தத்தை ஓடவிடுவோம். மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "கேக்கலையே தாயி, ஏத்து" என்றார். ஏத்தினேன். "இன்னும் செத்த ஏத்து." கடைசிவரை ஏத்திவிட்டேன்.

பதிவு முடிந்ததும் நிம்மதியாக ஃபேனைப் போட்டுக்கொண்டு, அதே ஹெட்ஃபோனில் முழுப் பாட்டையும் கேட்டேன். அற்புதமாக இருந்தது.

கொடியேற்றத்தன்று குழாய் ஸ்பீக்கர்களில் பாட்டு கிளம்பியது. நடுவில் இசையெல்லாம் நின்று, மாமாவின் குரல் மட்டும் உருகுகிற இடம் வந்தது. குரலோடு சேர்ந்து டக், டக், டக், டக்.

ஓட்டை வழியாக வெளியே வந்த தாளம் அப்படியே மைக்கில் ஏறியிருக்கிறது. நான் சரிபார்த்தபோது அதே ஓட்டை வழியாக ஃபேன் சத்தம் உள்ளே வந்து அதை மறைத்திருக்கிறது.

"ஏலே, ஜெனரேட்டர்ல என்னமோ தட்டுது, போய்ப் பாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மைக்செட்காரர் ஓடினார். எனக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. மாமாவுக்குத்தான் ஏக சந்தோஷம். "இப்பத்தான் தாயி தாளம் சுத்தமா கேக்குது" என்றார். அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. நேரே சாமியாரிடம் போய், "தப்பு என்னோடதுதான் ஃபாதர். தேர் பவனிக்குள்ள வேற பதிவு தாரேன்" என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார். மறுநாள் பாய் கடையில் மூடின ஹெட்ஃபோன் வாங்கினேன். (அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.) மாமா வேர்வையில் குளித்துக்கொண்டே மறுபடியும் பாடினார். பதிவு துல்லியமாக வந்தது. மற்ற பாட்டுகளும் என்னிடமே வந்தன. விண்ணப்பத்தை அப்பா கிழித்துப் போட்டார்.

ஆனால் ஊர் விடவில்லை. தேர் பவனியில் புதுப் பதிவு ஓடியபோது, மாமா தனியாகப் பாடுகிற இடத்தில் நாலைந்து பேர் "டக் டக்" என்று கையால் தட்டினார்கள். அடுத்த வருஷம் கோயிலே தட்டியது. இப்போது அந்தப் பாட்டை நேரில் பாடினாலும் அந்த இடம் வந்தால் எல்லோரும் பெஞ்சில் விரலால் தட்டுகிறார்கள். புதிதாக வந்த சாமியார் போன திருவிழாவில், "இது எந்தக் காலத்து வழக்கம்?" என்று பக்தியோடு விசாரித்தார்.

அப்பா எழுந்து நின்று என்னைக் கைகாட்டினார். "எம்மக ஆரம்பிச்சு வச்சதுங்க, ஃபாதர்."