நூற்றொன்பது குளோரைடு

திருவண்ணாமலையில் அவர் படிக்காத ரத்தப் பரிசோதனை அறிக்கை கிடையாது, தன்னுடையதைத் தவிர. செங்கம் சாலையில் ஆறு அறைகளை வாடகைக்கு விடுபவர். நாங்கள் வைத்த பெயர் 'கொட்டை எழுத்து'. அளவு மீறியதைத் தடித்த எழுத்தில் அச்சிடுவார்கள் அல்லவா, அதை மட்டும்தான் படிப்பார். ஒன்றும் தடிக்காவிட்டால், "இதுக்கா காசு குடுத்தே?" என்று முகம் வாடிவிடும். அவரிடம் தங்கிய வெள்ளைக்கார அம்மாளுக்கு எல்லாமே மெல்லிய எழுத்து. வேறு லேபுக்குப் போகும்படி சைகை காட்டி அனுப்பினார்.

போன பௌர்ணமிக்கு அவரும் நானும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிரிவலம் போனோம். வியர்வைத் துண்டை நான்கு முறை பிழிந்தேன். விடிகாலையில் முடித்ததும் கையைப் பிடித்தார்.

"சார், உங்களுக்கு டாக்டர் எழுதிக் குடுத்த டெஸ்ட் பாக்கி கீதே? வயிறும் காலி. இதை ஏன் வீணாக்கணும்? வாங்க."

போனோம். மாலையில் அறிக்கை வந்தது. குளோரைடு 109. 107 வரைதான் இருக்கலாமாம். தடித்த எழுத்து. அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"ரெண்டு ஜாஸ்தி சார்."

"ரெண்டுதானே?"

"ரெண்டா இருபதான்னு கிட்னிக்கு இன்னா தெரியும்? இன்னியிலேர்ந்து உப்பை விட்டுடுங்க."

விட்டேன். உயில் எழுதக் காகிதமும் தேடினேன். ஐந்தாம் நாள் உப்பில்லாத சாம்பாரை இறக்கிய மனைவி, "உங்க கிட்னிக்கு முன்னாடி நான் போயிடுவேன். டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள்.

டாக்டர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"தண்ணி இல்லாம அவ்ளோ தூரம் நடந்து, நேரா போய் ரத்தம் குடுத்தா ஏறித்தான் காட்டும். குளோரைடை மட்டும் தனியா பாத்து முடிவு கட்டக் கூடாதுங்க. சோடியமும் அளவுக்குள்ள, ஓரத்துலதான் நிக்குது, கிட்னி நல்லா இருக்கு. தண்ணி குடிங்க, எப்பவும் போல சாப்பிடுங்க, அடுத்த வாரம் திரும்ப எடுங்க."

எடுத்தேன். 102. மெல்லிய எழுத்து.

கொட்டை எழுத்தைத் திட்ட ஏழு வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ரசம் சாதத்தை விளக்கெண்ணெய் குடிப்பவர்போல விழுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் இந்த மூஞ்சி?"

"உப்பு இல்ல சார்."

"உங்களுக்கு என்ன வியாதி?"

"எனக்கு இன்னா? நல்லாத்தான் கீறேன். நீங்க தனியா கஷ்டப்படுவீங்களேன்னு, அன்னிலேர்ந்து நானும் விட்டுட்டேன். தொணைக்கு."

ஏழு வாக்கியங்களையும் விழுங்கிவிட்டு, அலமாரியில் இருந்த உப்பு ஜாடியை எடுத்து அவர் தட்டருகே வைத்தேன்.