கொழுத்த கிழங்கு வள்ளல்

கொடுத்துவிட்டு மறப்பவர் உண்டு. கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டுபவரும் உண்டு. இவ்விரு வகைகளிலும் அடங்காத மூன்றாம் வகைக் கொடையாளி ஒருவர் இங்கிலாந்தில் எங்கள் லங்காஷயர் சிற்றூர்களில் ஏப்ரல்தோறும் தலைகாட்டுவார். அவர்தாம் டேலியா வள்ளல்.

அடையாளம் காண்பது எளிது. குளிர்காலம் முழுவதும் தோட்டக் கொட்டகையில் மரத்தூளுக்குள் உறங்கவைத்திருந்த டேலியாப் பூச்செடியின் கிழங்குக் கொத்தை வெளியே எடுத்து, கைக்குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல் தாங்கி, கத்தியை வெந்நீரில் கழுவி, ஒவ்வொரு கிழங்காகப் பிரித்து, இரண்டு குவியல்களாக இடுவார். ஒன்றில் மொழுமொழுவென்று கொழுத்தவை. மற்றதில் சுருங்கிச் சூம்பியவை. கொழுத்தவை அனைத்தும் அண்டை அயலாருக்கு! எவ்வளவு பெரிய மனம்!

சற்றுப் பொறுங்கள். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் முளைக்கண். டேலியாவுக்கோ, பழைய தண்டோடு ஒட்டியிருக்கும் கழுத்தில் மட்டுமே. அந்தக் கண் இல்லாத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. மண்ணுக்குள் கிடந்து அழுகும். வள்ளலின் சூம்பிய குவியலில் எல்லாவற்றுக்கும் கண் உண்டு. கொழுத்த குவியலில்? ஒன்றுக்கும் கிடையாது.

ஜூன் மாதத்தில் வேலியோரம் வந்து துக்கமும் விசாரிப்பார்.

"இன்னுமா முளைக்கல? தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க போல."

வாங்கியவர் தம் கைராசியை நொந்துகொண்டு, மறுபடியும் ஒரு நன்றி சொல்வார்.

இவ்வினத்தின் குறையற்ற மாதிரி எங்கள் தெரு நார்மன் திரெல்ஃபால். ஊர் மலர்க்காட்சியில் ஆண்டு தவறாமல் அவருக்கு வெள்ளிக்கோப்பை வாங்கித் தந்தது ஒரு கருஞ்சிவப்பு டேலியா. ஈராண்டுகளுக்கு முன் கொட்டகைக்குள் உறைபனி புகுந்ததில், அவ்வகையில் பிழைத்தவை இரண்டே கிழங்குகள்: கொழுத்தது ஒன்று, சூம்பியது ஒன்று. கண் எதில் இருந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமோ? வேறொருவராக இருந்தால் இரண்டையும் ஒளித்துவைத்திருப்பார். நார்மன் தியாகத்தின் ருசி கண்டவர். இரண்டையும் தட்டில் வைத்து வேலிக்கு மேல் நீட்டினார்.

"இருக்கிறதே ரெண்டுதான், மேவிஸ். பெருச நீங்க எடுத்துக்குங்க."

பக்கத்து வீட்டு மேவிஸ் ஆர்மெரோட் பதறிப்போனார். "ஐயையோ, பெருச நான் எடுத்தா நல்லாவா இருக்கும்? கோப்பைக்குப் போறவர் நீங்க. எனக்கு இந்த நோஞ்சானே போதும்."

"சொன்னா கேளுங்கம்மா! அது தேறாது."

"நான் வெச்சு எதுதான் தேறியிருக்கு? அழுகப்போறதுக்கு எதுக்குப் பெருசு, நார்மன்?"

தட்டில் இருக்கும் கேக்கில் பெரிய துண்டை எடுப்பவரை ஆயுள் முழுக்க நினைவில் வைத்திருக்கும் ஊர் எங்களுடையது. மேவிஸ் சூம்பியதை எடுத்துக்கொண்டார். நார்மன் என்ன செய்வார்? 'அதில்தான் கண் இருக்கிறது' என்று வாய் திறந்தால், இத்தனை ஆண்டுகளாகக் கொடுத்தவற்றில் என்ன இருந்தது என்று தெருவே கேட்காதா? தட்டில் மீந்த கொழுத்த கிழங்கைச் சுமந்துகொண்டு உள்ளே போனார்.

செப்டம்பரில் கோப்பை மேவிஸுக்கு. "எல்லாம் நார்மன் குடுத்ததுதான்," என்று அவர் மேடையில் நெகிழ, கூடாரமே கைதட்ட, நார்மன் எழுந்து தலைவணங்க வேண்டியதாயிற்று.

மறு ஏப்ரலில் வேலியோரம் வந்து நின்றவர் நார்மன்.

"அந்தச் சிவப்புல எனக்கு ஒண்ணு தேறுமா, மேவிஸ்?"

"உங்களுக்கு இல்லாததா? இந்த வருஷம் நானே உக்காந்து பிரிச்சேன். உங்களுக்குன்னே பார்த்துப் பெருசா எடுத்து வெச்சிருக்கேன்."

நார்மன் வாங்கினார். கிழங்கின் கழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

"தண்ணி மட்டும் அதிகமா ஊத்திடாதீங்க," என்றார் மேவிஸ்.

இந்த இனம் எப்படிப் பரவுகிறது என்பது இப்போது விளங்கியிருக்கும். லங்காஷயர் எங்கோ இருக்கிறது என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்காராதீர்கள். உங்கள் வீட்டு மீன்குழம்பை ருசித்துவிட்டுப் பக்குவம் கேட்டாரே எதிர்வீட்டம்மா, அவரிடம் புளியின் அளவு முதல் அடுப்பின் சூடு வரை அனைத்தையும் ஒளிவுமறைவின்றிச் சொன்னீர்கள். பிறகும் அவர் குழம்பில் அந்த மணம் வரவே இல்லையாம். ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை.

உங்களுக்குத்தான் தெரியுமே.