மழைச்சாமியின் ஒற்றைச் சொல்

சத்தியவேடு பக்கம் ஒரு சாமி முளைத்தார். மழைச்சாமி. மேகம் அவர் பேச்சைக் கேட்குமாம். அப்படியென்றால் பெய்யச் சொல்லிவிட்டுப் போகலாமே? யாரும் கேட்கவில்லை. வேனிலும் ஆட்டோவிலும் ஜனம் வந்து இறங்கியது. நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தார்கள். அதை வெயில் என்று சொன்னால் பாவம்; அது அருள்.

சாமி முழு எலுமிச்சம்பழத்தை வாயில் அடக்குவார். கண்ணை உருட்டுவார். பிறகு ஒரே சொல்: "வானா!"

வான என்றால் தெலுங்கில் மழை. போன வருடம் அதை நம்பித்தான் எங்கள் ஊர் செல்லியம்மா வேர்க்கடலை விதைத்தாள். விதை மண்ணிலேயே வெந்தது. "ஒனக்குத்தான் காது சரியில்லம்மா. சாமி தமிழ்ல 'வாணா'ன்னாரு" என்றான் சீடன் சாய்குமார். வேண்டாம் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தாள்.

இந்த வருடம் மிஞ்சியது ஒரு மூட்டை விதை. அதுவும் போனால் நிலத்தை விட்டுவிட்டுக் கூலிக்குப் போகவேண்டும். விதைக்கலாமா என்று கேட்க மூட்டையோடு வரிசையில் நின்றாள். கூடவே மகள் நந்திதா. திருப்பதிக் கல்லூரியில் கடல், காற்று, மண், மேகம் எல்லாம் சேர்த்துப் பூமியையே ஒரு பாடமாகப் படிக்கிறாள்.

"வானா!" என்றார் சாமி.

"பழத்தத் துப்பிட்டு சொல்லுங்க சாமி" என்றாள் நந்திதா. "மழையா, வேணாமா?"

"ஏய்! தெய்வக்குத்தம்!" என்று சாய்குமார் பாய்ந்தான்.

செல்லியம்மா மூட்டையைத் தொப்பென்று இறக்கினாள். "துப்பு சாமி. போன வருசம் ஏமாந்து போனவ நான்தான். எந்த பாஷைல சொன்ன?"

"அதான, சொல்லேன்!" என்று கூட்டமும் கத்தியது.

பழம் வெளியே வந்தது. அருள் வரவில்லை. "அது... பெய்ஞ்சப்புறம்தான் தெரியும்" என்றார் சாமி.

கூட்டம் சிரித்தது. சாய்குமாருக்கு எரிந்தது. "நீ சொல்லேம்மே, பெரிய படிப்பு!"

"பூமி சூடாயிக்கினே போவுது. கொட்டுனா ஒரேயடியா கொட்டுது, இல்லன்னா காயுது. காத்து, மேகம்லாம் பாத்தா இந்த வாரம் மழைக்கு வழி கம்மி. வெதைக்காதம்மா, பொறு. தப்பாயிடுச்சின்னா எல்லாரும் என்னையே வந்து கேளுங்க."

தப்பாகவும் போகலாம் என்று எந்தச் சாமியும் எங்களிடம் சொன்னதில்லை. செல்லியம்மா மூட்டையைத் தூக்கி மகள் தலையில் வைத்தாள். "நட."

மழைச்சாமி இப்போது நாகலாபுரம் பக்கம் போயிருப்பதாகக் கேள்வி. போகிறவர்கள் போங்கள். இரண்டு காதுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதே, அதையும் கூட்டிக்கொண்டு போங்கள்.