பரபக்கத்தில் அகப்பட்ட மீன்

சிவமயம்

வெள்ளவத்தை,
வெகுதானிய வருடம், ஆவணித் திங்கள்.

கோண்டாவிலில் வாழ்பவரும், சைவ ஆசாரமும் தமிழ்ப் பற்றும் ஒருங்கே வாய்ந்தவரும், எமக்குச் சம்பந்தியாராக ஆகவிருந்தவரும், திருவருள் கூடின் இனியும் ஆகவேண்டியவருமான உயர்திரு இ. சரவணமுத்து அவர்களுக்கு, அருளம்பலம் கைகூப்பி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் மனைவி அன்னபாக்கியமும் மகள் நாகேஸ்வரியும் தேக சுகத்துடன் இருக்கிறோம். அங்கு தாங்களும் தங்கள் இல்லத்தாரும் அவ்வண்ணமே இருக்கக் காலையும் மாலையும் வேண்டுகிறேன். தங்கள் கடிதம் கைக்கு வந்தது. கொழும்புக்கு வந்திருந்த தங்கள் தம்பியார் சுந்தரலிங்கம், வெள்ளவத்தைச் சந்தையில் என்னை மீனும் கையுமாகக் கண்டதாகவும், "மீனைப் பற்றிய ஐயம் முற்றாகத் தீரும்வரை கலியாணம் நிற்கட்டும்" என்று தாங்கள் தீர்மானித்ததாகவும் அறிந்தேன். கோட்டையில் கந்தோரில் உத்தியோகம் பார்க்கும் தங்கள் மகன் குணரத்தினத்துக்கும் என் மகளுக்கும் தை மாதத்தில் நடக்கவிருந்த மங்கல காரியம் இவ்வாறு ஒரு மீனின் வாலில் தொங்குகிறது. அக்கடிதம் வந்தது முதல் அன்னபாக்கியம் என்னோடு கதைப்பதில்லை. சொல்ல வேண்டியதைக் குசினியிலுள்ள பானை சட்டிகளிடம் சொல்லுகிறாள். எனக்குக் கேட்கும் அளவுக்கு உரத்தே சொல்லுகிறாள்.

ஆகவே இக்கடிதத்தால் என் மீதுள்ள பழியைத் துடைக்கப் புகுகிறேன். நம் மரபில் வாதம் செய்வோர், மாற்றார் கூற்றை முதலில் எடுத்து, மாற்றாரே வியக்கும்படி செம்மையாக உரைப்பர். அது பரபக்கம். பின்னரே அதனை மறுத்துத் தம் கொள்கையை நிறுவுவர். அது சுபக்கம். அம்முறை பிறழாமல் சுந்தரலிங்கத்தாரின் கூற்றை முதலில் தருகிறேன். பெரிய அறுக்குளா மீன் ஒன்றைப் பச்சைப்பிள்ளையை ஏந்துவதுபோல் இரு கையாலும் ஏந்தி நின்றேன் என்றார். அதன் செவுளைத் திறந்து பார்த்தேன் என்றார். மீன்காரனோடு சிரித்தேன் என்றார். யாவும் மெய். ஆயினும் பஸ் பிடிக்கும் அவசரத்தில் அவர் பலவற்றைக் காணாமல் விட்டுவிட்டார். குறைபட்ட குற்றச்சாட்டை மறுத்து வெல்வது அறமாகாது என்பதால், விடுபட்டவற்றை நானே நிரப்புகிறேன். நான் அச்சந்தைக்கு அன்று மட்டும் போகவில்லை. அதற்கு முன்னும் பல காலை போனேன். அடுத்த வீட்டு பௌஸி அவர்களின் குசினி வாசலில் நாற்காலி போட்டிருந்து, மீன் ஆணம் எனும் அவர்கள் குழம்பு கொதிப்பதைத் தொடக்கம் முதல் இறக்கும்வரை கண்டேன். என் குடைக்குள் ஒரு மீன்செதிள் ஒட்டிக்கொண்டு வந்து, கோயில் வாசலில் குடையை விரித்தபோது குருக்களின் பூணூலில் போய் மினுங்கியது. இவையும் மெய்.

நான் எழுதும்போது தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த நாகேஸ்வரி கேட்டாள்:

"அப்பா, இவ்வளவும் அவையளுக்குத் தெரியாதே. ஏன் நீங்களே சொல்லிக் குடுக்கிறியள்?"

"சொல்லாமல் எப்பிடிப் பிள்ளை மறுக்கிறது?"

"மறுக்கிறதுக்குக் கடதாசி மிஞ்சுமோ எண்டு பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிப் போய்விட்டாள். பெண் நல்ல புத்திசாலி. தங்கள் வீட்டுக்கு விளக்காக இருப்பாள்.

இனிச் சுபக்கம். நான் உத்தியோகத்தில் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கத் தொடங்கியபின், அன்னபாக்கியத்துக்கு ஓய்வில்லாமற் போயிற்று. அவள் கறிக்கு உப்புப் போடும்போது உப்பைப் பற்றிய செய்யுளையும், வாசல் கூட்டும்போது தூய்மையைப் பற்றிய செய்யுளையும் பதவுரையோடு சொல்லிவந்தேன். ஒருநாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, "பின்னேரத்திலை எங்கையாவது போய் இருந்து ஆருக்காவது சொல்லுங்கோவன்" என்றாள். கொள்ளுப்பிட்டியில் ஒரு கல்லூரியில், உத்தியோகத்தர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலக் கட்டுரை பயிற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். வகுப்பில் எல்லாரும் தங்கள் மகன் வயதினர். ஆசிரியர் நிக்கலஸ் மாஸ்டரோ என் கடைசித் தம்பியிலும் இளையவர், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர், தங்கமான மனிதர். ஆளுக்கு ஒரு பொருளை எடுத்து, அதனைப் பற்றி ஆராய்ந்து, வாசிப்பவர் நம் பக்கம் சாயும்படி பத்துப் பக்கக் கட்டுரை எழுதிவரவேண்டும் என்று அவர் பணித்தார். நான் எடுத்த பொருள், மனிதர் மீன் உண்ணலாகாது என்பது. இதனினும் சைவமான பொருள் உண்டா என்பதைத் தாங்களே சொல்லுங்கள்.

பழம்பாடல்களிலிருந்து மேற்கோள் திரட்டிக்கொண்டு போனேன். மாஸ்டர் தலையை ஆட்டினார். "பாட்டு மட்டும் போதாது, மிஸ்டர் அருளம்பலம். இது ஆராய்ச்சி. மீன் விக்கிறவரிட்ட கேளுங்க, சமைக்கிறவங்கட்ட கேளுங்க. அவங்க பக்கம் என்ன எண்டு தெரியாம நீங்க யாரோட வாதாடப் போறீங்க?" இது நம் பரபக்கம் அல்லவா என்று என் உள்ளம் பூரித்தது. மறுநாட்காலை நீராடி, திருநீறு பூசி, பதிகம் ஓதி, மீன் சந்தைக்குப் புறப்பட்டேன்.

அங்கே பியதாஸ என்ற சிங்கள மீன்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மஹத்தயா, தேங்காய்க் கடை அந்தப் பக்கம்" என்றார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருடைய முகம் மலர்ந்தது. மீனை வாங்குவோர் ஆயிரம் பேர் வந்ததுண்டாம். மீனைப் பற்றிக் கேட்க ஒருவரும் வந்ததில்லையாம். நாம் அறுக்குளா என்பதை அவர் தோறா என்கிறார். "தோறா ராஜா மாதிரி மஹத்தயா. முள்ளு கொஞ்சம், சதை நிறைய. கண்ணு பாருங்க, கண்ணாடி மாதிரி. செவுள் பாருங்க, செவ்வரத்தம்பூ மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருக்கையில், ஒரு பூனை கீரிமீன் கூடையைக் கவிழ்த்தது. "கொஞ்சம் பிடிங்க" என்று ராஜாவை என் கையில் வைத்துவிட்டுப் பூனையின் பின்னே ஓடினார். கீழே வைக்க இடமில்லை, போடுவதோ மரியாதையில்லை. அந்த வேளையிற்றான் எதிரே பஸ் நின்றது. சுந்தரலிங்கத்தார் அதிலிருந்து இறங்கினார். நான் வணங்க விரும்பினேன். கை இரண்டும் வேலையாக இருந்தன. ஆகவே சிரித்தேன். அவர் கண்டது அந்தச் சிரிப்பு. பூனையின் பங்கை அவர் காணவில்லை.

பௌஸி அவர்களின் வீட்டு விஷயமும் இத்தகையதே. அவருடைய தாயார் ஹமீமா உம்மா, பெருநாள் தோறும் எங்களுக்கென்று வட்டிலப்பம் தனியே செய்து அனுப்பும் பெருந்தகை. என் வினாவைக் கேட்டுவிட்டு, "மீனப் பத்திச் சும்மா செல்லேலா, ஐயா. இதில இரிங்க, ஆக்கிக் காட்டுறன். தூரத்தில இருந்தே பாருங்க" என்றார். கொறக்காப்புளி கரைவதும், ரம்பை இலை வதங்குவதும், தேங்காய்ப்பாலின் முதல் நுரை எழும்போது அடுப்பைத் தணிப்பதும் கண்டேன். மூக்குக்குக் கதவு இல்லை என்பது என் பிழையன்று. நாவுக்குக் கதவு உண்டு. அது சாத்தியே இருந்தது.

பின்னர் எழுதினேன். முதலில் விநாயகர் காப்பு. ஆங்கிலத்தில் வெண்பா அமையவில்லை, எதுகையோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்து அவையடக்கம். அதன்மேல் பரபக்கம் தொடங்கினேன். பியதாஸவுக்கும் உம்மாவுக்கும் ஓரவஞ்சனை செய்தேன் என்ற சொல் வரலாகாதே என்று எண்ணி எழுத எழுத அது வளர்ந்தது. சுபக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது பத்தாம் பக்கத்தின் கடைசி வரியில் நின்றேன். மாஸ்டர் வாசித்துவிட்டு வகுப்பு முடிந்தபின் என்னை இருக்கச் சொன்னார்.

"முதல் பக்கத்தில, 'நான் ஒண்டும் அறியாத பேதை, என் சொல் முழுக்கக் குற்றம்' எண்டு எழுதியிருக்கிறீங்க. உண்மையா?"

"அது அவையடக்கம், மாஸ்டர். நூல் செய்யிற ஆக்கள் சொல்லுறது."

"அப்ப நான் ஏன் மிச்சத்தை வாசிக்க வேணும்?"

"வாசிச்சால்தானே அது பொய் எண்டு தெரியும்."

அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "சரி, வாசிச்சேன். அதுக்குப் பிறகு முழுக்க மீனோட அருமை பெருமை. கடைசி வரியில, 'இவை யாவும் பொருந்தா' எண்டு ஒரு சொல்."

"கடதாசி முடிஞ்சுபோச்சுது, மாஸ்டர். உங்கடை மனம் எந்தப் பக்கம் சாய்ஞ்சது?"

"எங்கட வீட்டில வெள்ளிக்கிழமைதான் மீன். இப்ப சனி ஞாயிறும் வாங்கச் சொல்லிட்டேன்."

வாசிப்பவரை வசப்படுத்தும் திறனுக்கு வகுப்பிலேயே அதிக புள்ளி எனக்குத்தான். எந்தப் பக்கம் வசப்படுத்தினேன் என்பதற்கு ஒன்றும் தரவில்லை. இருந்தும், இவ்வயதில் முதலிடம் பெற்றவனாய், கடற்காற்று வாங்கிக்கொண்டு கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை நடந்தே வந்தேன். அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைத் தங்களிடம் மறைக்கமாட்டேன்.

ஐயா, என் வழக்கு இவ்வளவே. மீனைக் கண்டேன், கேட்டேன், தொட்டேன், முகர்ந்தேன். ஐம்புலனில் நான்கு போயின, ஐந்தாவது தப்பியது. அதற்கு அன்னபாக்கியமும் ஹமீமா உம்மாவும் சாட்சி. அக்கட்டுரையை வாசித்தவர்கள் என்னையும் மாஸ்டரையும் தவிர வேறொருவரும் இல்லை. அதனால் எவருடைய ஆசாரத்துக்கும் எள்ளளவு பழுதும் நேரவில்லை. குழந்தைப் பருவம் முதல் புலால் வாடை அறியாத தங்கள் மகன், எங்கள் வீட்டில் கால் வைப்பதால் அந்நிலையினின்று ஒரு மயிரிழையும் வழுவான் என்று என் வழிபடு தெய்வத்தின்மேல் ஆணையிட்டுச் சொல்லுகிறேன். தங்கள் ஐயம் தீர்ந்து, தை மாதத்து நாளை உறுதி செய்து ஒரு வரி எழுதியருளுக. தங்கள் குலம் தழைக்க, கிணறு வற்றாதிருக்க, தோட்டத்துப் புகையிலை ஓங்கி வளர, எல்லாம் வல்ல சிவபெருமான் துணை நிற்பாராக.

தங்கள் அன்பை இழக்க மனமில்லாத,
க. அருளம்பலம்

பிற்குறிப்பு: மேற்கண்டதை உறையிலிட்டு ஒட்டும் தறுவாயில் தங்கள் மகன் குணரத்தினம் வீட்டுக்கு வந்தார். கையில் கல்லூரிச் சஞ்சிகை. நிக்கலஸ் மாஸ்டர் என் கட்டுரையை எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் அதில் அச்சிட்டுவிட்டாராம். அது கோட்டையில் கந்தோர் கந்தோராகக் கைமாறுகிறதாம். தம்பி குணரத்தினம் சஞ்சிகையை மேசையில் வைத்தார். பிறகு, "மாமா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒருநாளும் மீனை வாயிலை வைச்சதில்லை. தேங்காய்ப்பால் நுரைக்கிற இடம் வந்தவுடனை கந்தோரிலை இருக்கேலாமல் போச்சுது. நேரே கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைக்குப் போயிட்டன்" என்றார்.

"கடைசி வரியை வாசிக்கேல்லையோ, தம்பி?"

"அதுக்கு முன்னமே எழும்பிட்டன், மாமா."

குசினிக்குள் அன்னபாக்கியம் சிரித்த சிரிப்பில் ஒரு சட்டி உடைந்தது. இப்போது என்னோடு நேராகவே கதைக்கிறாள். நாகேஸ்வரி சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "அவரை இருந்து சுபக்கத்தை எழுதச் சொல்லுங்கோ, அப்பா. வாசிச்சுப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்றாள். தம்பி இப்போது எங்கள் விறாந்தையில் இருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். மகள் கொடுத்தனுப்பிய கோப்பியில் சீனி தாராளம் என்பதை நான் கவனித்தேன். ஆயினும் அவள் பிடி தளரவில்லை.

ஆகவே, மீனைப் பற்றிய ஐயம் முற்றாகத் தீரும்வரை கலியாணம் நிற்கட்டும் என்று தாங்கள் விதித்த நிபந்தனையை, ஓர் எழுத்தும் மாற்றாமல், என் மகள் ஏற்றுக்கொண்டாள் என்பதைப் பணிவுடன் அறியத் தருகிறேன்.