படம் நின்றால் லைன் கட்

இணையம் வந்ததும் உலகமே ஒன்றாகிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். சண்டை நின்றிருந்த அந்தச் சமாதான காலத்தில் அவர்களை வவுனியா நெற் கஃபே ஒன்றுக்குள் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். திரைச்சீலைக்குப் பின்னால் நகரத்துப் பெடியள் முகம் தெரியாத பெட்டைகளோடு எழுத்திலேயே 'சற்' அடிப்பார்கள். தொண்டு நிறுவன உத்தியோகத்தர்கள் உலகத்தைத் தாங்கிப் பிடிக்கிற முகத்தோடு மெயில் பார்ப்பார்கள். முல்லைத்தீவுக் கடற்கரைக்காரரான எங்களுக்கோ இன்டர்நெற் என்றால் வாடகைக்கு வான் பிடித்து, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போகிற ஒரு சடங்கு.

அக்காவுக்குக் கனடா மாப்பிள்ளை பேசியிருந்தது. கமெராவில் பார்த்து இருவருக்கும் பிடித்தால் கலியாணம். வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிக்கழித்த அக்கா, இவருடைய படத்தை மட்டும் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தா. ஆகவே காரியம் குழம்பக் கூடாது. குழம்பாமல் பார்க்கும் பொறுப்பு, மூன்று மாதக் கம்பியூட்டர் கோர்ஸ் முடித்த என்னிடம் (மாதாவே!) தரப்பட்டது.

ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பலகாரத் தட்டு எதற்கு என்று கேட்டார்கள். "இன்டர்நெற்றுக்கு" என்றேன், பெருமையாக.

கமெராவுக்கு முன்னால் அக்கா ஆடாமல் அசையாமல் இருந்த கதிரையைச் சுற்றி எங்கள் குடும்பம் முழுவதும் நின்றது. அம்மாவின் காதில் ஹெட்போன், வாயருகே மைக். திரையில் மாப்பிள்ளை வந்தார். படத்தில் இருந்த சுருட்டை முடி அவரோடு வரவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் வாயைத் திறந்தபடி அப்படியே அசையாமல் நின்றுவிட்டார்.

"தம்பி, என்னடா இது?" என்றா சித்தி.

"லைன் கட். படம் நிண்டால் அங்க ஒண்டும் கேக்காது. பயப்பிடாமல் கதையுங்கோ" என்றேன் நிபுணனாகிய நான்.

சனம் கதைத்தது.

"தலைமயிர் எங்கயடா போட்டுது?" என்றார் சித்தப்பா.

"குளிருக்குக் கொட்டுப்பட்டிருக்கும்" என்றா சித்தி.

அக்காவின் கண் கலங்குவதைக் கண்டேன். உடனே அம்மாவின் தோளுக்கு மேலால் எட்டித் தீர்ப்புச் சொன்னேன்: "யோசிக்காதை அக்கா. மொட்டையெண்டாலும் கனடா மொட்டை. ஓமெண்டு சொல்லு!"

அம்மா ஹெட்போனை மெல்லக் கழற்றினா. முகத்தில் ரத்தமில்லை.

"மோனை, அவர் கேட்டுக்கொண்டெல்லோ இருக்கிறார். சித்தப்பா கதைச்சதில இருந்து எல்லாம் கேட்டதாம்."

எனக்கு அந்தக் கதிரைக்குக் கீழே போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது. அக்கா அழப்போகிறா என்றுதான் நினைத்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. பிறகு அடக்கமுடியாமல் விழுந்து விழுந்து சிரித்தா. திரையில் நின்றுபோன படமும் அசைந்தது. மாப்பிள்ளை குனிந்து, தன் மொட்டையைக் கமெராவுக்கே காட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா திரும்பவும் ஹெட்போனை மாட்டிக் கேட்டுச் சொன்னா: "இவ்வளவு நேரமும் நாங்கள் சிலையைத்தான் காட்டினதாம். இப்பதான் பொம்பிளையைப் பாத்தவராம். தனக்கு ஓமாம்."

அக்காவும் "ஓம்" என்றா, என் உதவி இல்லாமலே.

அவர்களின் மூன்று பிள்ளைகளும் கனடாவில் பிறந்தவர்கள். தமிழில் இரண்டு சொல் சேர்ந்தாற்போல் வராது. ஆனால் வீடியோவில் நான் முகம் காட்டினால் போதும், வரிசையாக வந்து நின்று, ஒரு எழுத்துப் பிசகாமல், என் குரலிலேயே சொல்லுவார்கள்: "மொட்டையெண்டாலும் கனடா மொட்டை!"

புலம்பெயர்ந்த மண்ணில் தமிழ் வளர்க்க நான் செய்த தொண்டு அவ்வளவுதான்.